குழித்தட்டா, மேட்டுப்பாத்தியா, கடை நாற்றா? அடைமழைக்கு நடுவே ஒரு ஏக்கர் காய்கறி

சென்ற ஆண்டு ஆவணி முதல் வாரத்தில் பக்கத்துத் தோட்டத்துத் தம்பி வந்தார். திருப்பூரில் பத்து ஆண்டுகள் பனியன் கம்பெனியில் இருந்துவிட்டு, அப்பா விட்டுப்போன ஒரு ஏக்கரைத் தானே பார்ப்பது என்று ஊர் திரும்பியவர். கிணற்றில் தண்ணீர் இருக்கிறது, சொட்டுநீர்க் குழாய் போட்டாகிவிட்டது. "அண்ணே, நாற்றை நானே விடட்டுமா, இல்லை கடையில் வாங்கிவிடட்டுமா?" என்று கேட்டார். நின்ற இடத்திலேயே "நீங்களே விடுங்கள்" என்று சொல்லிவிட்டேன். அவர் போன பிறகு யோசித்தால், பாதிப் பதில்தான் சொல்லியிருக்கிறேன் என்று தோன்றியது. என்ன பயிர், எந்த வாரம் நடவு என்று தெரியாமல் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல முடியாது. மீதிப் பதிலை இங்கே எழுதுகிறேன். ஒட்டன்சத்திரம், ரெட்டியார்சத்திரம், பழனி வட்டாரத்தில் ஒன்றோ ஒன்றரையோ ஏக்கர் வைத்திருக்கிறவர்களை மனதில் வைத்து எழுதுவது இது. வடகிழக்குப் பருவமழை பெய்கிற மற்ற மாவட்டக்காரர்களுக்கும் பெரும்பகுதி பொருந்தும்.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திவிட வேண்டும். விதைப் பாக்கெட்டின் பின்புறம் 'ராபி' (வடக்கின் குளிர்கால விதைப்புப் பருவம்) என்று அச்சிட்டிருப்பதைப் பார்த்து நாள் குறிக்கக் கூடாது. வட மாநிலங்களில் மழை செப்டம்பரோடு ஓய்ந்துவிடும். ஈரம் இறங்கி, வானம் வெளுத்து, குளிர் மெல்ல ஏறும்போது அவர்கள் விதைக்கிறார்கள். அவர்கள் மழை முடிகிற இடத்தில்தான் நம் மழை தொடங்குகிறது. அக்டோபர் 20-ஐ ஒட்டி, அதாவது ஐப்பசி பிறந்த கையோடு, வடகிழக்குப் பருவமழை இறங்கும். தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் ஏறத்தாழ பாதி அடுத்த இரண்டரை மாதத்துக்குள் கொட்டிவிடுகிறது. அங்கே உழவுக்கு ஏற்ற வாரங்கள் இங்கே வயலுக்குள் கால் வைக்க முடியாத வாரங்கள். ஆகவே நமக்கு நடவுக்கு வழி இரண்டுதான்: மழைக்கு முன்னால் புரட்டாசியில் நடுவது, அல்லது மழை தணிந்து கார்த்திகைக் கடைசியில் நடுவது.

மழைக்கு முன்னா, பின்னா?

தக்காளியை வைத்துப் பார்ப்போம். நட்டதிலிருந்து முதல் பறிப்புக்கு 65 முதல் 70 நாள் ஆகும். நாற்றங்காலில் 25 நாள். செப்டம்பர் 20-க்கு, அதாவது புரட்டாசி பிறந்த நான்காம் நாளுக்கு, நட வேண்டும் என்றால் ஆகஸ்ட் 26 வாக்கில், ஆவணி 10-ஐ ஒட்டி விதை விழுந்திருக்க வேண்டும். முதல் பறிப்பு நவம்பர் கடைசியில் வரும். அந்த நேரத்து விலையை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். 2021 நவம்பர் மழையில் சென்னையில் தக்காளி கிலோ 100 ரூபாயைத் தாண்டியது. ஒட்டன்சத்திரம் சந்தைக்குக் கார்த்திகையில் இன்னொரு பலமும் உண்டு. இங்கிருந்து காய்கறி கேரளத்துக்குப் போகிறது. மாலை போட்டவர்கள் வீடுகளில் கார்த்திகை முதல் மகரவிளக்கு வரை காய்கறிச் சமையல்தான். அந்த இரண்டு மாதம் சரக்கு கையில் இருப்பவருக்குச் சந்தை கதவைத் திறந்து வைத்திருக்கிறது.

ஆனால் அந்த விலை ஏன் வருகிறது? பலருடைய செடி மழையில் போய்விடுவதால் வருகிறது. புரட்டாசியில் நட்ட செடிக்கு ஐப்பசி மழை இறங்கும்போது முப்பது நாள் வயது. அப்போதுதான் பூ எடுக்கும். தொடர் மழையில் பூ கொட்டும், அடியிலைகளில் கருகல் ஏறும், பழம் வெடிக்கும். மழைக்கு முன்னரே சவுக்குக் குச்சி நட்டு, கம்பி இழுத்து, செடியைக் கயிற்றில் தூக்கிக் கட்டியிருந்தால்தான் இலை மண்ணில் படாமல் நிற்கும். பாத்தியும் உயரமாக இருக்க வேண்டும். தண்ணீர் வடிய வாய்க்கால் வெட்டியிருக்க வேண்டும். இந்த வேலைகளை மழை தொடங்கிய பிறகு செய்ய முடியாது. ஆள் கிடைத்தாலும் மண் விடாது.

கார்த்திகைக் கடைசி நடவு இதற்கு நேர் எதிர். நவம்பர் 16-க்கு விதைத்து டிசம்பர் 11 வாக்கில் நட்டால் பயிர் சுகமாக வரும். கிணறு நிறைந்திருக்கும், இரவு குளிரும், பகலில் வெயில் அடிக்கும், பூ நிற்கும். முதல் பறிப்பு பிப்ரவரி நடுவில், மாசி பிறக்கும்போது. அதே வாரத்தில் ஊர் முழுக்கப் பறிப்பார்கள். நல்ல காய் பெட்டி பெட்டியாக இறங்கி விலை சரியும் காலம் அது. கூடவே, மாசி, பங்குனியில் வெயில் ஏற ஏற வெள்ளை ஈ பெருகும், இலைச்சுருள் நோய் பரவும். பெங்களூரில் உள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் அர்கா ரக்ஷக் போல, இலைச்சுருளையும் வாடலையும் முன்பருவக் கருகலையும் தாங்குகிற ரகத்தைப் பின்நடவுக்கு எடுப்பது அதனால்தான் புத்திசாலித்தனம்.

என் தீர்ப்பு நிலத்தைப் பொறுத்தது. செம்மண், லேசான சரிவு, மழை நின்ற மறுநாளே கால் ஒட்டாத நிலம் என்றால் அதில் 40 சென்ட்டைப் புரட்டாசி நடவுக்குக் கொடுக்கலாம். கரிசல், பள்ளக்கால், மழை நின்று நாலு நாளாகியும் வாய்க்காலில் தண்ணீர் தேங்கும் இடம் என்றால் கார்த்திகைக் கடைசிக்குக் காத்திருங்கள்; நவம்பர் விலையை நினைத்து மனதை அலைய விடாதீர்கள். ஒரே ஏக்கர்க்காரர் முழு ஏக்கரையும் ஒரே வாரத்தில் நடுவதை மட்டும் நான் எந்த நிலத்திலும் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஒரே ஒரு புயல் போதும்.

நாற்றின் வயதும் வயலின் ஈரமும்

இனி நாற்றுக்கு வருவோம். மூன்று வழிகள் இருக்கின்றன. மேட்டுப்பாத்தி நாற்றங்கால், குழிக்கு ஒரு விதையாகப் போட்டு வளர்க்கிற குழித்தட்டு, கடையில் வாங்குவது. செலவை வைத்து இவற்றை ஒப்பிடுவதுதான் வழக்கம். நானும் பல ஆண்டுகள் அப்படித்தான் ஒப்பிட்டேன். இப்போது வேறொன்றை வைத்துத்தான் பார்க்கிறேன். மழை நாளில் வயல் எப்போது காயும் என்று யாருக்கும் தெரியாது. நாற்று தயாராகிவிட்டது, வயல் தயாராகவில்லை என்றால் என்ன செய்வீர்கள்? எந்த நாற்று எத்தனை நாள் பொறுக்கும்? இந்தக் கேள்விக்கு மூன்று வழிகளும் தருகிற பதில் வெவ்வேறு.

இதை நான் கற்றுக்கொண்டது காலிஃபிளவரில். பொங்கல் சந்தைக்குப் பூ வெட்ட வேண்டும் என்று கணக்குப் போட்டேன். சமவெளிக்கு ஏற்ற ரகம், நட்டு அறுபது நாளில் பூ. ஜனவரி 10-க்கு வெட்ட நவம்பர் 11-க்கு நட வேண்டும். ஒரு தனியார் நாற்றுப் பண்ணையில் முன்பணம் கட்டினேன். குறித்த நாளுக்கு இரண்டு நாள் முன்னால் மழை பிடித்தது. ஒன்பது நாள் விடவில்லை. வண்டி வர வேண்டாம் என்று போன் செய்தேன், அவர்கள் பொறுத்தார்கள். ஆனால் நாற்று பொறுக்கவில்லை. கடைசியில் இறங்கியபோது ஒரு நாற்றைக் குழியிலிருந்து உருவிப் பார்த்தேன். வேர் பழுப்பேறி, குழியில் மண்ணுக்குப் பதிலாக நிரப்பியிருந்த தென்னை நார்க்கழிவைச் சுற்றிச் சுற்றிக் கயிறு போலப் பின்னியிருந்தது. விதையிலை இரண்டும் மஞ்சளாகி உதிர்ந்துவிட்டன. தண்டு விறைத்து ஊதா நிறமாக இருந்தது. கொடுத்த பணத்தை நினைத்து நட்டுவிட்டேன். முப்பதாம் நாளே பூ வைத்தது. மகிழ்ந்து போய்க் குனிந்து இலையை விலக்கினால் எலுமிச்சம்பழ அளவு. அதற்கு மேல் ஒரு சுற்றுக்கூடப் பெருக்கவில்லை. நாற்றங்காலிலேயே வயதாகிப் பட்டினி கிடந்த காலிஃபிளவர் இலை வளர்க்காமல் அவசரமாகப் பூத்துவிடும். அதைத் திருத்த உரமோ மருந்தோ கிடையாது.

அன்றிலிருந்து பயிர்களைப் பொறுமையை வைத்துப் பிரித்து வைத்திருக்கிறேன். காலிஃபிளவருக்குப் பொறுமையே இல்லை. 25 நாள், மிஞ்சினால் 28. முட்டைகோஸ் ஓரிரு நாள் கூடுதலாகத் தாங்கும். தக்காளி 98 குழித் தட்டில் முப்பது நாளைத் தாண்டினால் நெட்டையாகும், நட்டபின் தூர் கட்டத் தாமதமாகும், ஆனால் பிழைத்துக்கொள்ளும். கத்தரியும் மிளகாயும் நல்ல பொறுமைசாலிகள். மிளகாய்க்கு 35 முதல் 40 நாள் என்று சொன்னாலும் ஒரு வாரம் தள்ளிப்போனால் பெரிய பாதகம் இல்லை. வெங்காய நாற்று எல்லாரையும் விடப் பொறுமையானது.

மேட்டுப்பாத்தி

அப்பா காலத்தில் இது ஒன்றுதான் வழி. ஒரு மீட்டர் அகலம், ஒரு சாண் உயரம், தேவைக்கு நீளம். ஒரு ஏக்கருக்கு நாற்று விட ஒரு சென்ட் இடம் போதும். பத்து சென்டிமீட்டர் இடைவெளியில் விரலால் கோடு இழுத்து, விதையை மணலோடு கலந்து தூவி, மக்கிய எருவால் மூடி, வைக்கோல் பரப்பிப் பூவாளியில் தண்ணீர் ஊற்றுவார். செலவென்று பார்த்தால் விதையும் உழைப்பும்தான்.

ஆனால் ஐப்பசியில் மேட்டுப்பாத்தியை நம்புவது கஷ்டம். நாற்றழுகல் வந்தால் காலையில் ஒரு கை அகலத்துக்கு நாற்றெல்லாம் தண்டோடு மடிந்து கிடக்கும். மறுநாள் அது முறத்தின் அகலம் ஆகிவிடும். காப்பர் ஆக்சிகுளோரைடை லிட்டருக்கு இரண்டரை கிராம் கரைத்து வேர் நனைய ஊற்றினால் பரவுவது நிற்கலாம், மடிந்தது மீளாது. மண்ணிலேயே நோய் இருக்கிற இடத்தில், சித்திரை வெயிலில் பாத்தியை நனைத்து, ஒளி புகும் பாலிதீன் ஷீட்டால் நாலு முதல் ஆறு வாரம் மூடி வைத்தவர்களுக்குத்தான் மழைக்காலத்தில் நிம்மதி. ஆவணியில் நினைத்துக்கொண்டால் அதற்கு வழி இல்லை.

இன்னொரு குறை, பிடுங்கும்போது வேர் அறுவது. நட்ட பிறகு ஒரு வாரம் பத்து நாள் நாற்று தலை தொங்கி நின்றுதான் மீளும். செத்த செடிக்குப் பதில் நடுகிற பாடுவாசி நடவுக்கென்று நூற்றுக்குப் பத்துப் பதினைந்து நாற்று தனியாக வைத்திருக்க வேண்டியிருக்கும். ஒரு பாக்கெட் விதை சில நூறு ரூபாயிலிருந்து ஆயிரத்தைத் தாண்டியும் விற்கிற வீரிய ஒட்டு ரகத்தை இப்படி மண்ணில் தூவ மனம் வராது. சொந்த விதை எடுத்து வைத்திருக்கிற நாட்டுக் கத்தரி, நாட்டு மிளகாய்க்கு இன்றும் மேட்டுப்பாத்தி போதும். அதிலும் ஆவணி விதைப்புக்கு மட்டும்.

மேட்டுப்பாத்தியை விட்டால் வேறு வழியே இல்லாத பயிர் ஒன்று உண்டு: விதையிலிருந்து வளர்க்கிற சின்ன வெங்காயம். 45 சென்டிமீட்டர் பாரின் இரு பக்கமும் பத்து சென்டிமீட்டருக்கு ஒன்றாக நட்டால் ஏக்கருக்கு ஏறக்குறைய 1,80,000 நாற்று. குழித்தட்டில் விட்டால் 1,800 தட்டுக்கு மேல் வேண்டும். பேசவே வேண்டாம். ஆனால் வெங்காயத்தையே விதையாக ஊன்றுகிற விதைக்காய் நடவோடு ஒப்பிட்டால் இந்த வழி யோசிக்கத்தக்கது. விதைக்காய் ஏக்கருக்கு சுமார் 600 கிலோ. கிலோ 50 ரூபாய் விற்கிற ஆண்டில் விதைக்காய்க்கே 30,000 ரூபாய். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கோ 5 ரகம் நம் சமவெளியிலேயே பூத்து விதை கொடுக்கும்; ஏக்கருக்கு ஒரு கிலோ விதை போதும். நாற்றங்காலில் 40 முதல் 45 நாள், அதையும் சேர்த்து மொத்த வயது விதைக்காய்ப் பயிரைவிடக் கூடுதல். அந்தக் கூடுதல் நாளைப் பொறுக்க முடிகிறவர், விதைக்காய் விலை ஏறியிருக்கிற ஆண்டில், தயங்காமல் விதைக்குப் போகலாம். விலை மலிந்திருக்கிற ஆண்டில் விதைக்காயே சுலபம். நாற்றுப் பாத்திக்கு மேலே மட்டும் ஐப்பசியில் கூரை போட மறக்காதீர்கள்.

குழித்தட்டு

98 குழித் தட்டு ஒன்றின் நீளம் இரண்டடிக்குச் சற்றுக் குறைவு, அகலம் ஒரு அடிக்குள். வரிசைக்கு வரிசை 90 சென்டிமீட்டர், செடிக்குச் செடி 60 சென்டிமீட்டர் என்று தக்காளி நட்டால் ஏக்கருக்கு 7,500 செடி. பத்து சதவீதம் கூடுதலாக வைத்துக்கொண்டால் 85 தட்டு. எல்லாத் தட்டையும் பரப்பி வைத்தாலும் பதிமூன்று சதுர மீட்டருக்குள் அடங்கும். பத்துக்கு இருபது அடிக் கூடாரம் தாராளம். தட்டுக்கு ஒன்றேகால் கிலோ மக்கிய தென்னை நார்க்கழிவு என்று நூறு கிலோவுக்குச் சற்று மேல். விதை 30 கிராமுக்குள், பத்து கிராம் பாக்கெட் மூன்று. பாத்தியில் தூவுகிறவர் இதற்கு மேல்தான் வாங்க வேண்டியிருக்கும்.

நார்க்கழிவு மக்கியதா என்று பார்த்து வாங்குங்கள். பச்சைக் கழிவில் உப்பும் துவர்ப்பும் இருக்கும், முளை கருகும். கழிவோடு வேப்பம் புண்ணாக்கும் அசோஸ்பைரில்லமும் பாஸ்போபாக்டீரியாவும் கலக்கச் சொல்கிறது பல்கலைக்கழகப் பரிந்துரை: 300 கிலோவுக்கு ஐந்து கிலோ புண்ணாக்கு, நுண்ணுயிர் உரம் ஒவ்வொன்றும் ஒரு கிலோ. நமக்கு அதில் மூன்றில் ஒரு பங்கு. ஈரம் சரியா என்று தெரிய ஒரு பிடி அள்ளிப் பிழிய வேண்டும். விரல் இடுக்கில் இரண்டொரு சொட்டு கசிந்தால் சரி. ஒழுகினால் அதிகம், கையைத் திறந்ததும் உதிர்ந்தால் குறைவு.

விதை போட்டு மூடியதும் தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிப் பாலிதீன் ஷீட்டால் போர்த்தி வைப்பது வழக்கம். உள்ளே சூடும் ஈரமும் நின்று முளை சேர்ந்தாற்போல வரும். தக்காளி ஐந்தாறு நாளில் முளைக்கும். முதல் முளை தலைகாட்டியதும் அன்றைக்கே பிரித்துப் பரப்பிவிட வேண்டும். முதல் ஆண்டு ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு ஒரு நாள் தாமதமாகத் திறந்தேன். தட்டுக்கும் தட்டுக்கும் இடையில் வெள்ளை நூல் நூலாக, வெளிச்சம் தேடிப் படுத்துக் கிடந்தன அத்தனை முளைகளும். மூன்று தட்டுகூடத் தேறவில்லை. குழித்தட்டுக்கு ஆள் வேண்டும் என்பதன் பொருள் அன்றுதான் புரிந்தது. காலையும் மாலையும் ஒருவர் வீட்டில் இருந்தாக வேண்டும், 25 நாளும்.

மழைக்காலத்துக்கென்று ஒரு குறிப்பு. பலர் நிழல்வலை கட்டிவிட்டுக் கூடாரம் தயார் என்று நினைத்துவிடுகிறார்கள். நிழல்வலை வெயிலைத் தடுக்கும், மழையைத் தடுக்காது. ஒரு கனமழை அடித்தால் குழியிலிருந்து நார்க்கழிவும் விதையும் சேர்ந்து தெறித்து வெளியே வந்துவிடும். மூங்கில் வளைத்து மேலே ஒளி புகும் பாலிதீன் ஷீட் போட வேண்டும். பக்கவாட்டில் பூச்சி புகாத சன்னமான நைலான் வலை. மேகமூட்டமான நாளில் நிழல்வலையைச் சுருட்டிவிட வேண்டும். ஐப்பசி இருட்டோடு வலை இருட்டும் சேர்ந்தால் நாற்று கொடி மாதிரி நீண்டுவிடும்.

இவ்வளவு வேலைக்கும் கிடைப்பது என்ன? வேர் அறாத நாற்று. நட்ட மறுநாளே நிமிர்ந்து நிற்கும். அதைவிடப் பெரியது, விதைப்பைப் பிரிக்கும் உரிமை. 85 தட்டையும் ஒரே நாளில் விதைக்க வேண்டியதில்லை. எட்டு நாள் இடைவெளியில் மூன்று பங்காக விதைத்தால், மழை எந்த வாரம் விட்டாலும் சரியான வயதில் ஒரு பங்கு நாற்று கையில் இருக்கும். வயதான பங்கை ஓரிடத்தில் நட்டுச் சோதிக்கலாம், வேண்டாமென்றால் விட்டுவிடலாம்; போவது மூன்றில் ஒரு பங்குதான். கடையில் இந்த ஏற்பாட்டைக் கேட்டுப் பெறுவது சின்ன விவசாயிக்குச் சுலபம் இல்லை. அவர்கள் ஆயிரக்கணக்கில் ஒரே நாளில் விதைத்து, ஒரே நாளில் வண்டி ஏற்றுகிறவர்கள். அவர்கள் தொழில் அப்படி.

கடை நாற்று

பணக் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். நாற்று ஒன்று ஒரு ரூபாய் என்று வைத்துக்கொண்டால் ஏக்கர் தக்காளிக்கு, பாடுவாசியும் சேர்த்து, எட்டாயிரம் ரூபாய்க்குச் சற்று மேல். என் வீட்டில் விட்ட நாற்றுக்கு விதை, நார்க்கழிவு, தட்டின் தேய்மானம், பாலிதீன் ஷீட் எல்லாம் சேர்த்து அதில் பாதிக்குச் சற்றுக் கூட வந்தது. வீட்டு ஆள் உழைப்பைக் கூலியாகப் போட்டால் இரண்டும் ஏறக்குறைய சமம். ஆகவே மிச்சம் பிடிப்பதற்காக மட்டும் நாற்று விடப் போகிறீர்கள் என்றால் வேண்டாம், கடையில் வாங்கிவிடுங்கள்.

கடை நாற்றை நான் பழிக்கவில்லை. கார்த்திகைக் கடைசி நடவுக்கு அதுதான் நல்ல வழி என்றுகூடச் சொல்வேன். மழை ஓரளவு தணிந்துவிட்டது, நடவு நாள் பெரும்பாலும் தள்ளிப்போகாது, நாற்றங்கால் மழையில் நனையும் தொல்லையும் அவர்கள் தலையோடு போய்விடுகிறது. ரெட்டியார்சத்திரத்தில் இந்திய-இஸ்ரேல் கூட்டுத் திட்டத்தில் அமைந்த காய்கறி மகத்துவ மையத்தில் குழித்தட்டு நாற்று எப்படி வளர்க்கிறார்கள் என்று ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வந்தால், நல்ல நாற்று என்றால் எப்படி இருக்கும் என்று கண்ணுக்குப் பழகிவிடும். அதன் பிறகு எந்தப் பண்ணையிலும் யாரும் உங்களை ஏமாற்ற முடியாது.

வாங்கும்போது மூன்றைக் கேளுங்கள்: என்றைக்கு விதைத்தது, எந்த ரகம், வெயிலில் பழக்கினார்களா. ரகத்துக்குப் பாக்கெட்டைக் காட்டச் சொல்லி, அதிலுள்ள குவியல் எண்ணை (லாட் நம்பர்) குறித்துக்கொள்ளுங்கள். காலிஃபிளவரில் இது மிக முக்கியம். 10 முதல் 16 டிகிரி குளிர் கேட்கிற ஸ்நோபால் வகையை நம் சமவெளியில் நட்டால் இலையாகவே நிற்கும். 20 டிகிரிக்கு மேலும் பூ கட்டுகிற ரகம்தான் நமக்கு. பிறகு உங்கள் கையாலேயே ஒரு நாற்றை உருவுங்கள். வேர் வெள்ளையாக இருந்து, நார்க்கழிவு உதிராமல் வேரோடு வர வேண்டும். விதையிலை இரண்டும் பச்சையாக ஒட்டியிருக்க வேண்டும். தக்காளியில் நாலைந்து இலைக்கு மேல் இருக்கக் கூடாது. பூ மொட்டு தெரிந்தால் வண்டியைத் திருப்பி அனுப்பிவிடுங்கள், நான் அன்று செய்யாததை.

நேரே விதைப்பவை

முள்ளங்கி, பீட்ரூட், கொத்தமல்லி, பீன்ஸ், வெண்டைக்கு நாற்று ஒப்பீடே இல்லை. இவற்றை நேரே விதைக்க வேண்டும். முள்ளங்கியைப் பிடுங்கி நட்டால் கிழங்கு கவைத்துப் போகும். இங்கே முடிவெடுக்க வேண்டியது நாளை மட்டும்தான். செம்மண்ணில் கனமழை பெய்து உடனே வெயில் அடித்தால் மேலே பொருக்குத் தட்டிவிடும். கொத்தமல்லி முளை அதை உடைத்துக்கொண்டு வராது. கார்த்திகை பாதிக்குப் பிறகு, வானம் வெளுத்த வாரமாகப் பார்த்து விதைப்பது நல்லது. மழை தணியாத ஆண்டில் பத்து நாள் தள்ளினாலும் முள்ளங்கிக்கு ஒன்றும் ஆகாது. பீட்ரூட் விதை ஒன்று என்று நினைத்துப் போடுவது உண்மையில் இரண்டு மூன்று விதை சேர்ந்த உருண்டை. முளைத்ததும் கலைத்துவிடாவிட்டால் கிழங்கு பெருக்காது. பந்தல் அவரை பகல் குறுகினால்தான் பூக்கும். பொங்கலுக்குக் காய் வேண்டுமென்றால் ஆடியிலேயே விதைத்திருக்க வேண்டும். ஆவணியில் விதைத்தாலும் ஓரளவு பிழைக்கலாம். இப்போது அதை விட்டுவிடுவோம்.

தம்பியிடம் கடைசியில் சொன்னது

அவருடைய ஏக்கர் செம்மண். மேற்கே சற்று உயர்ந்து கிழக்கே சரிகிறது. வீட்டில் அவரும் மனைவியும் இருக்கிறார்கள். இருவரில் ஒருவர் எப்போதும் தோட்டத்தில்தான். ஆகவே இப்படிப் பிரித்தோம். மேட்டுப்பக்கம் 40 சென்ட் புரட்டாசித் தக்காளி. சொந்தக் குழித்தட்டு, மூன்று பங்காக விதைப்பு. அதற்கு 34 தட்டு, பாடுவாசியையும் சேர்த்து. நடுவில் 20 சென்ட் மிளகாய். அதையும் தட்டில் விட்டார், மழையால் ஆறு நாள் தாமதமாக நட்டும் குறையில்லை. கிழக்கே பள்ளத்தில் 30 சென்ட்டை மழை முடியும்வரை சும்மா விட்டு, உழுது, கார்த்திகைக் கடைசியில் கடை நாற்று முட்டைகோஸ். மீதி 10 சென்ட்டில் முள்ளங்கியும் கொத்தமல்லியும், ஒட்டன்சத்திரம் வரை வண்டி வைக்காமல் ஊர்ச் சந்தைக்கே. காலிஃபிளவர் வேண்டவே வேண்டாம் என்று சொன்னேன். முதல் ஆண்டுக்காரருக்கு அந்தப் பதற்றம் எதற்கு?

தக்காளியில் முதல் பங்கைச் சரியான நாளில் நட்டார். இரண்டாம் பங்குக்கு ஒரு மழை குறுக்கிட்டு ஐந்து நாள் தள்ளியது. மூன்றாம் பங்கு நடும் வாரத்தில் மழை பிடித்துக்கொண்டது. அந்தப் பதினோரு தட்டை வைத்துத்தான் முதல் இரண்டு பங்கிலும் மழையில் போன செடிகளுக்குப் பாடுவாசி நட்டார். மிஞ்சியதை எனக்குக் கொடுத்தார்.

இந்த ஆண்டும் அவர் வந்துவிட்டார். கேள்வி கேட்க வரவில்லை. நார்க்கழிவு இருவருக்கும் சேர்த்து ஒரே வண்டியில் இறக்கிக்கொள்ளலாமா என்று பேச வந்தார். ஆவணி 8-க்குள் வந்துவிட வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன். ஒரு நாள் நனைத்துப் புரட்டிப் போட்டு, மறுநாள் ஒரு பிடி அள்ளிப் பிழிந்து பார்க்க வேண்டும்.